வெட்டுக்குத்தான் எடுத்தேன்: புவான் யோகமலரின் கோர்ட்டில் நான் செய்த பிழை

1. சாட்சி பெஞ்ச்

புவான் என்று மலாயில் மரியாதையாக நாங்கள் அழைத்த யோகமலர் எங்கள் கோர்ட்டுக்கு வந்த முதல் நாள், வாசலில் நின்ற போலீஸ்காரர் அவரை யாரோ ஒரு சாட்சி என்று நினைத்துவிட்டார். "அக்கா, சாட்சியா? பேரு கூப்பிடுவாங்க. அங்க உக்காருங்க" என்று கூண்டுக்குப் பின்னால் இருந்த பெஞ்சைக் காட்டினார். அவரும் மறுபேச்சுப் பேசாமல் போய் உட்கார்ந்தார். கறுப்புக் கோட்டைப் பையில் மடித்து வைத்திருந்ததால் எங்கள் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மலேசியாவின் ஈப்போவில் எங்கள் செஷன்ஸ் கோர்ட்டில் அதுவரை ஆண்கள்தான் நீதிபதியாக உட்கார்ந்திருந்தார்கள். புதிய நீதிபதி வருகிறார் என்று தெரியும், பெண் என்றும் தெரியும். ஆனாலும் வாசலில் ஒரு பெண் வந்து நின்றபோது யாருக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்த ஜூருபாசா, அதாவது கோர்ட் மொழிபெயர்ப்பாளர். சாட்சி தமிழில் சொல்வதை மலாயிலும் ஆங்கிலத்திலும் நீதிபதிக்குச் சொல்ல வேண்டும். அங்கே பேசப்படுவதைத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும். என் பெயர் மும்தாஜ். ஈப்போ டவுனில் பிறந்து வளர்ந்தவள். என் கணவருக்குச் சிம்பாங் பூலாயில் சாப்பாட்டுக் கடை.

அன்று காலை ஒரு சின்ன விண்ணப்பத்தைப் பதிவாளர் விசாரித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்துவிட்டு, யோகமலர் எழுந்து நீதிபதி அறைக்குப் போனார். போலீஸ்காரரின் முகம் வெளுத்துவிட்டது. சிறிது நேரத்தில் எனக்கு அழைப்பு வந்தது. திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"நீங்கள்தானே ஜூருபாசா? அந்த பெஞ்சில இருந்து கேட்டனான். மேடைக்குப் பக்கத்தில நிண்டு நீங்கள் கதைக்கிறது அங்க ஒண்டும் கேக்கேல்லை. கூண்டில நிக்கிற ஆளுக்கும் அப்படித்தானே இருக்கும்?"

அவர் யாழ்ப்பாணத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். தைப்பிங்கில் பிறந்து, படிக்க வெளிநாடு போய் வந்தவர். ஆனாலும் அந்தத் தமிழ் அவர் வாயில் அப்படியே இருந்தது.

மறுநாளிலிருந்து நான் நீதிபதி மேடைக்குப் பக்கத்தில் நிற்கவில்லை. கூண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். தலைமை ஜூருபாசா அண்ணாமலை அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. "இருபது வருஷமா அங்கதான் நிக்கிறோம். இப்ப மாத்துறாங்க" என்றார்.

2. அஞ்சலையின் பதில்

கோப்பெங் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டம். வீட்டு மனைக்காக விற்றாகிவிட்டது. லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பதினொரு குடும்பம் மட்டும் வெளியேறாமல் இருந்தது. அதில் ஒருவர் அஞ்சலை. கணவர் இல்லை, ஒரு மகள் மட்டும். தோட்டம் மூடிய பிறகு பக்கத்துச் சிறுதோட்டம் ஒன்றில் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தார்.

ஒரு நாள் முற்பகலில் காண்டிராக்டரின் சூப்பர்வைசர் ஆட்களோடு வந்து, அஞ்சலையின் வீட்டுக் கூரைத் தகரத்தைக் கழற்ற ஆரம்பித்தார். தள்ளுமுள்ளு நடந்தது. சூப்பர்வைசரின் முன்கையில் கத்தி ஆழமாகக் கிழித்தது. ஆபத்தான ஆயுதத்தால் வேண்டுமென்றே காயப்படுத்தியதாக அஞ்சலை மீது வழக்கு.

வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் நின்றது. அஞ்சலை வேலையிலிருந்து திரும்பி வரும்போதே கத்தி கையில் இருந்ததா, அல்லது ஆட்களைப் பார்த்தபின் வீட்டுக்குள் ஓடிப் போய் எடுத்து வந்தாரா? உள்ளே ஓடிப் போய்க் கொண்டுவந்தார் என்பது சூப்பர்வைசரின் சாட்சியம். வேலை முடிந்து வந்தவரின் கையைப் பிடித்து முறுக்கியதில் கத்தி பட்டுவிட்டது என்பது அஞ்சலையின் வக்கீல் சொன்னது. அவர் ஒரு சீன இளைஞர், தமிழ் தெரியாதவர்.

அஞ்சலை கூண்டில் ஏறினார். அரசுத் தரப்பு வக்கீல் மலாயில் சுற்றிச் சுற்றிக் கேட்டார். எத்தனை பேர் வந்தார்கள், யார் முதலில் கை வைத்தது, கோபமாக இருந்தீர்களா. கடைசியில் சட்டென்று, "கத்தியை எதற்காக எடுத்தீர்கள்?" என்றார். நான் தமிழில் கேட்டேன்.

"வெட்டுக்குத்தான் எடுத்தேன்" என்றார் அஞ்சலை.

நான் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. வெட்டுவதற்காகவே எடுத்தேன் என்று மலாயில் சொன்னேன். அரசுத் தரப்பு வக்கீல், "வேறு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார். சீன வக்கீல் பேனாவைக் கீழே வைத்தார். அஞ்சலை இதையெல்லாம் கவனிக்கவில்லை. பின்வரிசையில் இருந்த மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை, தீர்ப்பு. புவான் யோகமலர் காரணங்களை வாசித்தார். நான் கூண்டுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். "வெட்டத்தான் கத்திய எடுத்தேன்னு நீங்களே இந்த கோர்ட்ல ஒத்துக்கிட்டீங்க" என்றபோது அஞ்சலை தலையை ஆட்டினார்.

"ஆமாங்க. வெட்டுக்குத்தான்."

ஆறு மாதச் சிறை. மகள் ஓடி வந்து கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தமிழைச் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன், தண்டனை கொடுப்பது என் வேலை இல்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

3. மழை நாள்

ஞாயிற்றுக்கிழமைகளில் கணவரின் கடையில் போய் நிற்பேன். அந்த ஞாயிறு விடிந்ததிலிருந்தே மழை. எட்டு மணி இருக்கும். வழக்கமாக மத்தியானத்துக்கு மேல் வரும் ஒருவர் நனைந்துகொண்டே உள்ளே வந்து தேத்தண்ணீர் கேட்டார்.

"என்னண்ணே, இந்த நேரத்துல? வேலை இல்லியா?" என்றார் என் கணவர்.

"மழைலா, பாய். மரமெல்லாம் ஈரம். இன்னிக்கு வெட்டு இல்ல."

நான் கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தேன்.

"அண்ணே, என்ன சொன்னீங்க? வெட்டு இல்லன்னா?"

அவர் சிரித்தார். "என்னக்கா, கோர்ட்ல வேலை செய்றீங்க, இது தெரியாதா? பால்வெட்டுலா. காலையில வெட்டுக்குப் போறோம், வெட்டு முடிஞ்சு வாரோம்."

"வெட்டுக்குத்தான் கத்திய எடுத்தேன்னு ஒருத்தங்க சொன்னா?"

"வேலைக்குப் போக எடுத்தேன்னு அர்த்தம். வேற எதுக்கு எடுப்பாங்க?"

இந்தச் சொல்லை அதற்கு முன்பும் அந்தக் கடையில் பல முறை கேட்டிருப்பேன். காதில் விழுந்திருக்கும், மனதில் ஏறவில்லை. கோர்ட்டில் அன்று எனக்குள் ஓடியது சண்டையும் ரத்தமும் காயத்தின் போட்டோவும்தான். அந்த நினைப்போடு கேட்ட காதுக்கு வெட்டு என்றால் வேறு எதுவும் தோன்றவில்லை. அஞ்சலை தன் தரப்பைச் சரியாகச் சொல்லியிருந்தார், இரண்டு தடவை சொல்லியிருந்தார். அதை நான்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக மாற்றிக் கொடுத்தேன்.

அன்று மாலை குனோங் ராபாட்டில் இருந்த அண்ணாமலை அண்ணன் வீட்டுக்குப் போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மும்தாஜ், உனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகல. அந்த வக்கீல் அப்பீல் பண்ணுவாரு. பண்ணட்டும். அங்க பாத்துக்குவாங்க."

"அது வரைக்கும் அந்தம்மா உள்ள இருக்கணுமே, அண்ணே."

"இன்னொண்ணும் யோசி. அவங்க பொம்பள ஜட்ஜ். நீயும் பொம்பள. ரெண்டு பேரும் சேந்து ஒரு கேஸைக் கெடுத்துட்டாங்கன்னு கேண்டின்ல பேசுவாங்க. அடுத்த பத்து வருஷத்துக்கு இன்னொரு பொம்பளய இங்க அனுப்ப மாட்டாங்க. உனக்காகச் சொல்லல, அவங்களுக்காகச் சொல்றேன்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் சொன்னது நடக்கக்கூடியதாகவும் இருந்தது. அதனால்தான் அது என்னை அதிகம் பயமுறுத்தியது.

4. அறைக்குள்

திங்கட்கிழமை காலை, கோர்ட் கூடுவதற்கு முன்பே புவான் யோகமலரின் அறைக் கதவைத் தட்டினேன். உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், ஆனாலும் அழுதேன்.

அவர் என்னைச் சமாதானப்படுத்தவில்லை. அலமாரியிலிருந்து அந்த வழக்கின் குறிப்புப் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் தேடினார்.

"அந்தச் சொல்லைத் திரும்பச் சொல்லுங்கோ. அந்த மனுசி சொன்ன மாதிரியே."

"வெட்டுக்குத்தான் எடுத்தேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"மும்தாஜ், நீங்கள் மலாயில சொல்லுறதுக்கு முன்னமே நான் அதைத் தமிழில கேட்டனான். எனக்கு உங்கட மொழிபெயர்ப்புத் தேவைப்படேல்லை. நானும் அப்படித்தான் விளங்கிக்கொண்டன். நீங்கள் சொல்லும்போது, ஓம், சரி எண்டுதான் எழுதினனான்."

பிறகு போனை எடுத்து, அஞ்சலையின் வக்கீலையும் அரசுத் தரப்பு வக்கீலையும் உடனே வரச் சொன்னார். இருவர் முன்னிலையிலும் நடந்ததைச் சொன்னார். தீர்ப்புச் சொன்ன பிறகு அதை அவரே மாற்ற முடியாது. ஆனால் அப்பீல் மனு வந்தால் தண்டனையை நிறுத்திவைக்க முடியும். சீன வக்கீல் அங்கேயே உட்கார்ந்து மனுவை எழுதினார். அரசுத் தரப்பு வக்கீல் நல்லவர், தடை சொல்லவில்லை.

அன்று மாலை ஹைகோர்ட்டுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை புவான் தயாரித்தார். என்னுடைய சத்தியப்பிரமாண வாக்குமூலமும் அதோடு போக வேண்டும். அறிக்கையை டைப் செய்து கொண்டுவந்த அண்ணாமலை அண்ணன் மேசைக்கு முன்னால் தயங்கி நின்றார்.

"புவான், மன்னிக்கணும். ஜூருபாசா பிழைன்னு மட்டும் எழுதினா போதும். சட்டப்படி கோர்ட்டுக்குத் தெரியுறது மொழிபெயர்ப்பு மட்டும்தான். உங்களுக்குத் தமிழ் தெரியும், நீங்களும் தப்பா விளங்கிக்கிட்டீங்கன்னு அந்தப் பாராவை எதுக்கு எழுதணும்?"

"அது நடந்ததுதானே, அண்ணாமலை."

"மொத பொம்பள ஜட்ஜுன்னு எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க, புவான்."

"பார்க்கட்டும். சிறையில இருக்கிறது நானில்லை."

கையெழுத்துப் போட்டு அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணன் அறிக்கையை உறையில் போட்டுத் தானே எடுத்துக்கொண்டு ஹைகோர்ட் அலுவலகத்துக்கு நடந்து போனார். வழக்கமாக அந்த வேலைக்குப் பியூனைத்தான் அனுப்புவார்.

5. தாழ்வாரத்தில்

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அஞ்சலையை ஜாமீனில் விட்டார்கள். கோர்ட் தாழ்வாரத்தில் காத்திருந்தேன். என்ன சொல்வது என்று நான்கைந்து விதமாக யோசித்து வைத்திருந்தேன். அவர் வந்ததும் முன்னால் போய் நின்றேன்.

"நான்தான் தப்பா சொல்லிட்டேன், அக்கா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க மலாய்ல என்ன சொன்னீங்கன்னு எனக்குத் தெரியாது. நான் வெட்டுக்குத்தான்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"அப்ப நான் பொய் சொல்லல."

"இல்ல, அக்கா."

"அது போதும். எம்மக நாலு நாளா சரியா சாப்புடல, மொதல்ல அவளப் பாக்கணும்." சொல்லிவிட்டு நடந்துவிட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

சில மாதங்களில் ஹைகோர்ட் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, வேறு நீதிபதி முன் புதிதாக விசாரிக்கச் சொன்னது. தோட்டத்தில் வளர்ந்த வேறு ஒரு ஜூருபாசாவைத் தைப்பிங்கிலிருந்து வரவழைத்தார்கள். அஞ்சலை அதே பதிலைச் சொன்னார். இந்த முறை அது சரியாகப் பதிவானது. சிறுதோட்டத்துக்காரரும் வந்து, அன்று காலை அஞ்சலை தம் தோட்டத்தில்தான் பால் வெட்டிக்கொண்டிருந்தார் என்றார். அஞ்சலை விடுதலையானார். அதற்குள் லயத்தை இடித்துவிட்டிருந்தார்கள். கோப்பெங்கில் ஒரு வாடகை வீட்டில் மகளோடு இருந்தார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை நிரந்தரமாவது ஒரு வருடம் தள்ளிப்போனது. புவான் யோகமலருக்குக் கேண்டினில் ஒரு பட்டப்பெயர் கிடைத்தது, 'வெட்டு ஜட்ஜ்'. அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. ஒரு நாள் வழக்கு மாற்றிவைக்கப்பட்டுச் சீக்கிரம் முடிந்தபோது, "இண்டைக்கு வெட்டு இல்லை" என்று அவரே சொல்லிவிட்டு எழுந்து போனார். அதற்கு மேல் அந்தப் பெயரில் யாருக்கும் சுவாரஸ்யம் இருக்கவில்லை. அவருக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் அவருக்கு முன்னால் பதவி உயர்வு பெற்றார்கள். அந்த அறிக்கைதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. ஒரு முறை கேட்டேன்.

"தெரியாது. தெரிஞ்சாலும் நான் வேற மாதிரி எழுதியிருக்க மாட்டன்."

6. வேலைச் சொற்கள்

வழக்கு முற்றிலும் முடிந்த பிறகு, ஒரு சனிக்கிழமை விடிகாலை புவான் என்னைக் கூட்டிக்கொண்டு கோப்பெங் பக்கம் ஒரு சிறுதோட்டத்துக்குப் போனார். முட்டி வரை ரப்பர் பூட்ஸ், கையில் குறிப்புப் புத்தகம். கொசு பிய்த்து எடுத்தது. பால் வடியும் கிண்ணத்துக்கு என்ன பெயர், மரத்தில் ஒட்டிக் காய்ந்த பாலுக்கு என்ன பெயர், மழை நாளை எப்படிச் சொல்வீர்கள், லீவை எப்படிச் சொல்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மங்கு, ஒட்டுப்பால் என்று எழுதிக்கொண்டார். அங்கே பால் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு அவருக்குத் தெரியாத சொல் இத்தனை இருக்கிறதே என்று உற்சாகமாகிவிட்டார்கள்.

அதன் பிறகு அவர் கோர்ட்டில் ஒரு வழக்கம் வந்தது. சாட்சி சத்தியம் செய்ததும், என்ன வேலை செய்கிறீர்கள், அந்த வேலையை எப்படிச் சொல்வீர்கள் என்று அவரே இரண்டு மூன்று கேள்வி கேட்பார். லாரி ஓட்டுநர், மீன்காரர், சாப்பாட்டுக் கடை மாஸ்டர், யாராக இருந்தாலும் இது உண்டு. நேரம் வீணாகிறது என்று வக்கீல்கள் முணுமுணுப்பார்கள். ஜூருபாசாவுக்கு ஒரு சொல்லில் சந்தேகம் வந்தால் கையைத் தூக்கலாம், விசாரணை நிற்கும். கையைத் தூக்கியதற்காக அவர் ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. தூக்காமல் விட்டதற்காகக் கடுமையாகப் பேசியிருக்கிறார்.

7. இந்த வருடம்

புவான் யோகமலர் இந்த வருடத் தொடக்கத்தில் காலமானார். ஈப்போவில் நடந்த இரங்கல் கூட்டத்தில் பலர் பேசினார்கள். முதல் பெண், முதல் பெண் என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அது உண்மைதான், சொல்ல வேண்டியதுதான். ஆனால் மேடையில் பேசியவர்களில் ஒருவருக்கும் அந்த அறிக்கையைப் பற்றித் தெரிந்திருக்கவில்லை.

கூட்டம் முடிந்து கிளம்பியபோது கடைசி வரிசை நாற்காலியில் அஞ்சலை உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை. மகள் காரில் கூட்டி வந்திருந்தாள். அவளுக்கே இப்போது பெரிய பிள்ளைகள்.

"வந்துட்டீங்களா, அக்கா" என்றேன்.

"வராம? அவங்கதான என்ன ஜெயிலுக்கு அனுப்புனாங்க" என்றார் சிரிக்காமல். "அப்புறம் அவங்களே தப்புன்னு எழுதிக் குடுத்தாங்க. தோட்டத்த வித்தவங்க, வீட்ட இடிச்சவங்க, எத்தன பேரப் பாத்திருக்கேன். தப்புன்னு சொன்னது அவங்க ஒருத்தங்கதான்லா."

இதை எழுத வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

ஓய்வு பெற்ற பிறகும் தமிழ் தெரிந்த ஆள் கிடைக்காத நாட்களில் கோர்ட்டில் கூப்பிடுவார்கள். போன வாரமும் போனேன். நீதிபதி ஒரு பெண், நாற்பது வயதுக்குள் இருக்கும். அதை இப்போது யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சாட்சி தமிழ்நாட்டிலிருந்து ஒரு கடைக்கு வேலைக்கு வந்த இளைஞன். முதலாளி எப்படி நடத்தினார் என்று கேட்டார்கள்.

"ஆள் வெச்சு எங்களப் பாத்துக்கிட்டாருங்க" என்றான்.

நன்றாகக் கவனித்துக்கொண்டார் என்று மலாயில் சொல்லச் சொற்கள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டன. நிறுத்தினேன். கையைத் தூக்கினேன்.

"புவான், இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. சாட்சியிடம் கேட்க அனுமதி வேண்டும்."

எதிர்த்தரப்பு வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "கேளுங்கள். நேரம் இருக்கிறது."

"தம்பி, பாத்துக்கிட்டாருன்னா எப்படி? கொஞ்சம் வெவரமா சொல்லுங்க."

அவன் முதலாளி உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு தடவை பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"ரூமை வெளியில பூட்டிட்டு, வாசல்ல ஒரு ஆளை உக்கார வெச்சுப் பாத்துக்கிட்டாருங்க."

அதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், சத்தமாகச் சொன்னேன். நீதிபதி எழுதினார். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: சந்தேகம் வந்தால் கையைத் தூக்குங்கள். பிழை என்று தெரிந்தால் மறுநாள் காலை கதவைத் தட்டுங்கள். இரண்டும் புவான் யோகமலரின் கோர்ட்டில் நான் கற்றவை. இரண்டாவதைக் கற்றுக்கொள்ள ஒரு பெண் நான்கு நாள் சிறையில் இருக்க வேண்டியிருந்தது.